நான்காவது கை: கள்ள நோட்டு வழக்குகளில் சட்டம் கைவிட்ட மனிதன்

ஒரு கிலோ மாம்பழத்தில் தொடங்கியது அந்த வழக்கு. பதினெட்டு வயது மதிக்கத்தக்க மாணவர் ஒருவர் பழக்காரப் பெண்ணிடம் மாம்பழம் வாங்கிக்கொண்டு ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தார். நோட்டைப் பார்த்த அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். கடைக்காரர் ஒருவரிடம் காட்டினார். அவரும் கள்ள நோட்டு என்றார். போலீசுக்குத் தகவல் போனது. மாணவரைச் சோதனையிட்டபோது மேலும் சில நூறு ரூபாய் நோட்டுகள் கிடைத்தன. விசாரணை நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. சத்தீஸ்கரிலிருந்து மேல்முறையீடாக உச்ச நீதிமன்றத்துக்குப் போன அந்த வழக்கில், 2001ஆம் ஆண்டு அவர் விடுதலையானார்.

நோட்டு நல்ல நோட்டு என்று தெரியவந்ததால் அல்ல, நோட்டு போலிதான். அது போலி என்று அந்த மாணவருக்குத் தெரியும் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. பழக்காரப் பெண்ணும் கடைக்காரரும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆகவே இவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் அனுமானித்தன. அந்த அனுமானம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். இன்னொரு குறையையும் சுட்டிக்காட்டியது: குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேள்வி கேட்கும் கட்டத்தில், “இவை கள்ள நோட்டுகள் என்கிறார்களே, என்ன சொல்கிறாய்?” என்ற கேள்வியே அவரிடம் குறிப்பாகக் கேட்கப்படவில்லை.

கள்ள நோட்டு வழக்கு என்றதும் அச்சு இயந்திரமும் எல்லை தாண்டும் மூட்டையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நீதிமன்றத்தில் வந்து நிற்பவர்களிலோ நோட்டு அடித்தவனும் உண்டு, அதை விற்றவனும் உண்டு, தெரியாமல் வாங்கி ஏமாந்தவனும் உண்டு. இவர்களைப் பிரித்துப் பார்க்கும் ஒரே அளவுகோல் “தெரிந்தே” என்ற ஒரு சொல். அந்தச் சொல்லை நம் சட்டம் எப்படிக் கையாண்டது, அதில் எதை இழந்தது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் அரசு காகிதப் பணம் வெளியிடத் தொடங்கியது 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே. அதற்கு ஓராண்டு முன்பே இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில், நாணயத்துக்கு விரிவான பிரிவுகள் இருந்தன. நோட்டுக்குத் தனிப் பிரிவு இல்லை. 1899இல்தான் 489ஏ முதல் 489டி வரையிலான பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 1943இல் 489இ வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 178 முதல் 182 வரையிலான பிரிவுகளாகியிருக்கின்றன. நாணயம், அரசு முத்திரைத்தாள், நோட்டு ஆகிய மூன்றும் இப்போது ஒரே வரிசையில் அடக்கம்.

178ஆம் பிரிவு, போலியாகத் தயாரிப்பது. 179, போலி என்று தெரிந்தே அதை வாங்குவது, விற்பது, நல்ல பணம்போலப் பயன்படுத்துவது. 181, தயாரிக்கும் கருவிகளை வைத்திருப்பது. இந்த மூன்றுக்கும் ஆயுள் தண்டனை வரை உண்டு. இல்லையேல் பத்தாண்டு வரை சிறையும் அபராதமும். 180, தெரிந்தே வைத்திருப்பது. ஏழாண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். 182, நோட்டுபோல் தோன்றும் காகிதங்களை அச்சிடுவது. இதற்கு வெறும் அபராதம்தான்.

178ஐப் பொறுத்தவரை சட்டத்தின் கை நீளமானது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், நோட்டு முழுதாக அச்சாகி முடிந்திருக்க வேண்டியதில்லை, தயாரிப்பின் எந்த ஒரு கட்டத்தைத் தெரிந்தே செய்திருந்தாலும் குற்றம் பொருந்தும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அமெரிக்க டாலரைப் போலியாக அடித்தாலும் இதே பிரிவுகள் பாயும் என்று 1986இல் கேரள வழக்கு ஒன்றில் தீர்ப்பானது. போலி நோட்டு அசலை அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருந்தால் போதும்.

இன்னும் கடுமையான சட்டமும் இருக்கிறது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான ‘உபா’வில் 2012இல் செய்த திருத்தத்தின்படி, உயர்தரக் கள்ள நோட்டுகளைத் தயாரித்தோ கடத்தியோ புழக்கத்தில் விட்டோ நாட்டின் பண நிலைத்தன்மையைக் குலைப்பது பயங்கரவாதச் செயல். உயர்தரம் என்பதை முடிவு செய்ய, நீர்க்குறி, மறைவுருவம், இருபுறமும் பொருந்தும் அச்சு போன்ற பாதுகாப்பு அம்சங்களை அந்தச் சட்டத்தின் அட்டவணையே குறிப்பிடுகிறது. மேற்கு வங்கத்தின் மால்டா மாவட்டத்து வங்கதேச எல்லை வழியே வரும் நோட்டுகளைத் தேசியப் புலனாய்வு முகமை பல வழக்குகளில் துரத்தியிருக்கிறது.

இவை தேவையான சட்டங்கள். சிக்கல் மறுமுனையில், மாம்பழக் கூடைக்கு முன்னால் நிற்பவனிடம் வரும்போதுதான் தொடங்குகிறது.

“தெரிந்தே” என்பதை எப்படி நிரூபிப்பது?

179க்கும் 180க்கும் அடிப்படை ஒன்றுதான்: நோட்டு போலி என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். 180க்குக் கூடுதலாக ஒன்று: அதை நல்ல நோட்டாகப் பயன்படுத்தும் எண்ணமும் இருக்க வேண்டும். சட்டைப்பையில் கள்ள நோட்டு இருந்தது என்பது மட்டும் குற்றமாகாது. 1979இல் கர்நாடக வழக்கு ஒன்றிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது: பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் போலி என்று தெரியும்படியான நோட்டாக இருந்தால் மட்டுமே, வைத்திருந்தவருக்கும் தெரியும் என்று அனுமானிக்க இடமுண்டு.

மனதுக்குள் இருப்பதை நேரடியாக யாரும் நிரூபிக்க முடியாது. சுற்றுச் சூழ்நிலைதான் பேச வேண்டும். ஒரே வரிசை எண் கொண்ட பல நோட்டுகள் ஒருவரிடம் இருந்தால் அது வலுவான சாட்சி. ஒரே எண்ணில் பல நல்ல நோட்டுகள் ஒருவர் கையில் சேர்வது மிக அரிது. நல்ல நோட்டுகளைப் பர்ஸிலும் போலி நோட்டுகளைச் செருப்புக்குள்ளும் தனித்தனியே வைத்திருந்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு. ஒரே மாலையில் ஐந்து கடைகளில் பத்து ரூபாய்ப் பொருளுக்கு ஐந்நூறு ரூபாய் நீட்டி, சில்லறையை மட்டும் சேர்த்துக்கொண்டு போனால் அதற்கும் பொருள் உண்டு. இவற்றையெல்லாம் மகஜரில் எழுதி, வரிசை எண்களைக் குறித்து, சாட்சிகளின் முன்னிலையில் முத்திரையிட்டு, அச்சகத்துக்கோ தடய அறிவியல் ஆய்வகத்துக்கோ அனுப்பி அறிக்கை பெற வேண்டும். நோட்டு அச்சக அதிகாரியின் அறிக்கையை அவரைக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாக ஏற்க நடைமுறைச் சட்டம் அனுமதிக்கிறது.

ஆனால் அந்த அறிக்கை நோட்டைப் பற்றி மட்டுமே பேசும்; மனிதனைப் பற்றிப் பேசாது. நோட்டு போலி என்று சொல்லும் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஆள் குற்றவாளி என்ற முடிவுக்குத் தாவியதுதான் அந்த மாணவரின் வழக்கில் நடந்தது.

இதில் ஜாமீனும் சேர்ந்துகொள்கிறது. வைத்திருந்த குற்றம் மட்டும் என்றால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். பயன்படுத்திய குற்றமான 179ஆம் பிரிவையும் எஃப்.ஐ.ஆரில் சேர்த்துவிட்டால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. நீதிமன்றம் மனது வைக்க வேண்டும். விசாரணையும் செஷன்ஸ் நீதிமன்றத்தில். கடைசியில் விடுதலையே ஆனாலும், அதுவரை அலைந்த நாட்களும் போன வேலையும் திரும்பி வரப்போவதில்லை.

ஏ, பி, சி, டி

1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 241 என்று ஒரு பிரிவு இருந்தது. அதிகம் பேசப்படாத பிரிவு. நாணயத்துக்கு மட்டும் உரியது. அதற்குக் கீழே ஓர் எடுத்துக்காட்டுக் கதையை எழுதியிருந்தார்கள்.

‘ஏ’ கள்ள நாணயம் அடிப்பவன். கம்பெனி ரூபாயைப் போலியாக அடித்து, புழக்கத்தில் விடுவதற்காகக் கூட்டாளி ‘பி’யிடம் கொடுக்கிறான். ‘பி’ அதை ‘சி’க்கு விற்கிறான், ‘சி’யும் போலி என்று தெரிந்தே வாங்குகிறான். ‘சி’ அந்த ரூபாயைக் கொடுத்து ‘டி’யிடம் சரக்கு வாங்குகிறான். ‘டி’க்கு ஒன்றும் தெரியாது. வாங்கிய பிறகுதான் போலி என்று கண்டுபிடிக்கிறான். நட்டத்தை ஏற்க மனமில்லாமல் அதை நல்ல ரூபாய்போல இன்னொருவரிடம் தள்ளிவிடுகிறான்.

‘டி’ செய்ததும் குற்றம்தான் என்கிறது சட்டம். ஆனால் ‘பி’யும் ‘சி’யும் நிற்கும் வரிசையில் அவனை நிறுத்தவில்லை. அவனுக்கு 241ஆம் பிரிவு மட்டுமே: இரண்டாண்டு வரை சிறை, அல்லது அந்த நாணயத்தின் மதிப்பைப்போல் பத்து மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். திட்டமிட்டு ஏமாற்றுபவனுக்கும், ஏமாந்துபோய்ப் பிறகு அந்தச் சுமையை அடுத்தவன் தலையில் இறக்கிவைப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பார்த்திருந்தார்கள்.

1899இல் நோட்டுக்கான பிரிவுகளை எழுதியபோது இந்தப் படி விடுபட்டது. காரணத்தை என்னால் ஊகிக்கத்தான் முடிகிறது. அன்று மிகச் சிறிய நோட்டே ஐந்து ரூபாய். அது கூலிக்காரரின் கையில் புரளும் பணமல்ல. ஒரு ரூபாய் நோட்டு வந்தது 1917இல்தான். நோட்டு பெரிய வணிகர்களின் பொருளாக இருந்த காலத்தில், அதை ‘டி’ போன்ற ஒருவன் தெரியாமல் வாங்கித் தவிக்கும் காட்சி சட்டம் எழுதியவர்களின் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

இன்று பூக்காரம்மாவின் சுருக்குப்பையிலும் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருக்கிறது. எனவே 2023இல் புதிய சட்டத்தை எழுதியபோது, நாணயத்துக்கு இருந்த அந்த நியாயத்தை நோட்டுக்கும் நீட்டியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். நாணயமும் நோட்டும் ஒரே பிரிவுக்குள் வந்தன. 241ஆம் பிரிவு அடியோடு மறைந்தது. இப்போது ‘பி’, ‘சி’, ‘டி’ மூவருக்கும் ஒரே 179ஆம் பிரிவு. மூவருக்கும் ஆயுள் தண்டனை வரை வாய்ப்பு. நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம் என்பது உண்மை. ஆனால் குற்றத்தின் பெயரும் ஜாமீன் மறுப்பும் செஷன்ஸ் விசாரணையும் மூவருக்கும் ஒன்றே.

புதிய சட்டம் ஒரு சலுகையையும் தந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நோட்டு சட்டபூர்வமான வழியில் கைக்கு வந்தது என்று ஒருவர் நிறுவினால், வைத்திருந்தது குற்றமாகாது என்று 180ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் நிறுவ வேண்டியவர் யார்? நோட்டை வைத்திருப்பவர். வாரச்சந்தையில் இருபது பேரிடம் கத்தரிக்காய் விற்றவர், இந்த நோட்டு எந்தக் கையிலிருந்து வந்தது என்று எதை வைத்து நிறுவுவார்? ரொக்கத்துக்கு ரசீது கிடையாது. மேலும் இந்த விளக்கம் 180க்கு மட்டும்தான், 179க்கு இல்லை.

தூக்குமேடை கற்றுத் தந்தது

வரிசையின் கடைசியில் நிற்பவனைப் பிடித்துக் கடுமையாகத் தண்டித்தால் கள்ள நோட்டு ஒழியும் என்ற நம்பிக்கை பழையது. கள்ள நாணயம் செய்பவனுக்கும், வாங்குபவனுக்கும், வெளியே விடுபவனுக்கும் ஒரே ஆயிரம் பணம் தண்டம் என்றும், அதை அரசுக் கருவூலத்தில் சேர்ப்பவனுக்கு மரணம் என்றும் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. அந்த நம்பிக்கையை மிகக் கொடூரமாகச் சோதித்துப் பார்த்த நாடு இங்கிலாந்து.

1797இல் போர் நெருக்கடியால் இங்கிலாந்து வங்கி நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது. ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகளை அவசரமாக வெளியிட்டது. எளிய அச்சு, போலி செய்வது சுலபம். எழுத்துக்கூட்டவும் தெரியாத ஏழைகளின் கைக்கு முதன்முறையாக நோட்டு போனது. அடுத்த கால் நூற்றாண்டில் கள்ள நோட்டுக் குற்றங்களுக்காக முந்நூறுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நோட்டு அடித்தவர்கள் அல்லர். கடையில் மாற்றப் போய்ப் பிடிபட்டவர்கள். 1801இல் கள்ள நோட்டு வைத்திருப்பதையே தனிக் குற்றமாக்கி, பதினான்கு ஆண்டு நாடுகடத்தலைத் தண்டனையாக வைத்தார்கள். கைதான பெண்கள் சிறையிலிருந்து, தங்கள் மேல் வழக்குத் தொடுத்த அதே வங்கிக்கே உதவி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். வங்கியும் சிலருக்குச் சிறு தொகை கொடுத்தது.

இத்தனைக்குப் பிறகும் கள்ள நோட்டு குறையவில்லை. ஜூரிகள் தண்டிக்க மறுக்கத் தொடங்கினார்கள். 1819இல் ஓவியர் ஜார்ஜ் குரூக்ஷாங்க், தூக்கில் தொங்கும் மனிதர்களைக் கொண்ட ஒரு கேலி நோட்டையே வரைந்தார்; அது லண்டனில் விற்பனைக்கு வந்தது. போலிக் குற்றங்களுக்கான மரண தண்டனை 1830களில் முடிவுக்கு வந்தது. தூக்குக் கயிற்றால் முடியாததைச் சிறிய நோட்டுகளைத் திரும்பப் பெற்றது சாதித்தது. போலி செய்ய எளிதான நோட்டு போனதும் குற்றமும் குறைந்தது.

ஐரோப்பாவின் இன்றைய சட்டங்களில் அந்த அனுபவத்தின் சாயல் தெரிகிறது. பிரான்சில் கள்ள நோட்டு அடித்தால் முப்பதாண்டு சிறை வரை உண்டு. நல்லதென்று நம்பி வாங்கி, பிறகு போலி என்று தெரிந்தும் அதைத் தள்ளிவிட்டவருக்கு 7,500 யூரோ வரை அபராதம், சிறை இல்லை. ஜெர்மனியிலும் அவருக்குத் தனிப் பிரிவு, குறைந்த தண்டனை. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், போலி என்று தெரிந்து நல்ல நோட்டாகப் பயன்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் பத்தாண்டு என்றும், அந்த எண்ணமின்றிக் காரணமும் இன்றி வைத்திருந்தால் இரண்டாண்டு என்றும் பிரிக்கிறது. மூன்று நாடுகளும் கள்ளப் பணத்தில் மெத்தனம் காட்டுபவை அல்ல. ஆளுக்கு ஏற்ற படியை மட்டும் வைத்திருக்கின்றன.

வங்கிக் கவுண்டரில்

கையில் வந்த கள்ள நோட்டை ‘டி’ என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ரிசர்வ் வங்கி ஒரு வழி வைத்திருக்கிறது. அதைக் கிட்டே நின்று பார்ப்போம்.

காசாளர் நோட்டை இயந்திரத்தில் விடுகிறார். இயந்திரம் துப்புகிறது. விளக்கில் பிடிக்கிறார், காந்தியின் நீர்க்குறி மங்கலான மைப்பூச்சாகத் தெரிகிறது. சாய்த்துப் பார்க்கிறார், பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டிய பாதுகாப்பு இழை மாறவில்லை. விளிம்பில் விரலை ஓட்டுகிறார். ஐந்நூறு ரூபாய் நோட்டில் பார்வையற்றோர் தடவி அறிவதற்கான ஐந்து புடைப்புக் கோடுகள் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருக்கிறது. அதன்பின் ஐந்து சென்டிமீட்டர்ச் சதுர முத்திரை ஒன்று நோட்டின்மேல் விழுகிறது: கள்ள நோட்டு, பறிமுதல், வங்கியின் பெயர், கிளை, தேதி, கையெழுத்து. நோட்டைத் திருப்பித் தரமாட்டார்கள்; மதிப்பையும் தரமாட்டார்கள். ஓர் ஒப்புகைச் சீட்டு மட்டும் தருவார்கள். வாடிக்கையாளர் கையெழுத்திட மறுத்தாலும் அந்தச் சீட்டைத் தந்தாக வேண்டும் என்பது விதி.

ஒரே பரிவர்த்தனையில் நான்கு நோட்டுகள் வரை என்றால் மாத இறுதியில் காவல்துறைக்குத் தொகுப்பாக அறிக்கை போகும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் உடனே எஃப்.ஐ.ஆருக்கு அனுப்ப வேண்டும். கண்டும் பறிமுதல் செய்யாமல் விடும் வங்கிக்குத் தண்டம் உண்டு. ஏ.டி.எம்.மில் கள்ள நோட்டு வந்தால், வங்கியே அதைப் புழக்கத்தில் விட முயன்றதாகக் கருதப்படும் என்கிறது ரிசர்வ் வங்கி.

2016–17இல் வங்கித் துறையில் 7.62 லட்சம் கள்ள நோட்டுகள் பிடிபட்டன. 2024–25இல் அது சுமார் 2.17 லட்சம். மொத்தம் குறைந்தாலும், அவற்றில் ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் மட்டும் 1.17 லட்சத்தைத் தாண்டின. முந்தைய ஆண்டைவிட 37 சதவீதம் அதிகம். இந்தக் கணக்கில் போலீஸ் பிடித்தவை சேரவில்லை. பிடிபட்ட நோட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சிக்கியது ரிசர்வ் வங்கியில் அல்ல, மற்ற வங்கிகளில். அந்த ஒவ்வொரு நோட்டுக்கும் முன்னால் அதைச் செலுத்த வந்த ஒருவர் நின்றிருந்தார். அவர்களில் மிகப் பலர் ‘டி’யாகவே இருந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை, தெரிந்து வைத்திருப்பவன் இயந்திரமும் கேமராவும் உள்ள கவுண்டருக்கு வரமாட்டான்.

நேர்மையாக வந்தவருக்கு நட்டம் முழுதாக விழுகிறது. வராமல் இருட்டில் இன்னொரு கடையில் தள்ளிவிட்டவர் பிடிபடாவிட்டால் தப்பிக்கிறார். பிடிபட்டால் கடத்தல்காரனுக்குரிய பிரிவில் நிற்கிறார். இரண்டுக்கும் நடுவே சட்டம் எதையும் வைக்கவில்லை.

மூன்று திருத்தங்கள்

முதலாவது, 241ஆம் பிரிவின் நியாயத்தை 179ஆம் பிரிவுக்குள் மீட்க வேண்டும். வாங்கும்போது தெரியாமல் வாங்கி, தெரிந்த பிறகு தள்ளிவிட்டவருக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது மதிப்பைப்போல் சில மடங்கு அபராதம், ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்று ஒரு துணைப்பிரிவு போதும். அவர் செய்தது தவறு. அவரிடம் ஏமாந்த அடுத்த பழக்காரப் பெண்ணுக்கும் அதே நட்டம்தான். தண்டனை வேண்டும், அளவும் வேண்டும்.

இரண்டாவது, புலனாய்வு பிடிபட்ட ஆளோடு நின்றுவிடக் கூடாது. ஒற்றை நோட்டோடு ஒருவரைப் பிடித்து வழக்கை முடித்துக்கொண்டால் ‘ஏ’யும் ‘பி’யும் பத்திரமாக இருப்பார்கள். எங்கே கிடைத்தது என்ற கேள்விக்கு ‘டி’ அஞ்சாமல் பதில் சொல்லும் நிலை வந்தால்தான் வரிசையில் பின்னோக்கிப் போக முடியும். ஆயுள் தண்டனை பயத்தில் இருப்பவன் வாய் திறக்கமாட்டான்.

மூன்றாவது, வங்கி தரும் ஒப்புகைச் சீட்டை, தானாக முன்வந்து ஒப்படைத்ததற்கான நல்லெண்ணச் சான்றாகச் சட்டம் வெளிப்படையாக ஏற்க வேண்டும். அந்தச் சீட்டு கையில் இருப்பவர் 180ஆம் பிரிவின் விளக்கத்துக்காகத் தனியே சாட்சி தேடி அலையக் கூடாது.

சட்டம் திருந்தும்வரை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கள்ள நோட்டு கைக்கு வருவது குற்றமல்ல. அது கள்ள நோட்டு என்று தெரிந்த கணத்திலிருந்து நீங்கள் செய்வதுதான் குற்றமா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. கிழித்துப் போடாதீர்கள், கோயில் உண்டியலில் போடாதீர்கள், கூட்ட நெரிசலில் கண்டக்டரிடம் தள்ளாதீர்கள். வங்கிக்கோ காவல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் கொடுத்துச் சீட்டு கேட்டு வாங்குங்கள். ஐந்நூறு ரூபாய் போகும். ஆனால் அந்த நோட்டின் பயணம் உங்கள் கையோடு முடிந்துவிடும்.